லாவண்யாவை இருக்கச் சொல்

பெங்களூரு
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜோவி,

லேப் விஷயத்துக்கு ஆபீஸ் மெயில், நம் இருவர் கதைக்கு இந்த மெயில் என்று சட்டம் போட்டவள் நீ. இன்று அதை மீறுகிறேன், திட்டாதே. நீ எழுதி ஒரு மாதமாயிற்று, அதற்கு நான்தான் உன்னைத் திட்ட வேண்டும்.

உங்கள் கம்பெனியும் எங்கள் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் லேபில் பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். காலையில் உங்கள் பயிற்சி, மதியம் என்னோடு ஆராய்ச்சி. ஜூலையில் உங்களிடம் வேலை. மென்பொருள் வெளியாகும் முன் அதில் பிழை தேடும் வேலை.

அவர்களில் லாவண்யா என்று ஒருத்தி. வீடு ஜோகுபாளையம், அப்பா உங்கள் ஆபீஸ் வேன் ஓட்டுகிறார். தானாகவே பிழை தேடும் கருவி ஒன்று செய்கிறோம் என்று உன்னிடம் பெருமையடித்தேனே, அதில் பாதி அவள் மூளை. சந்தாபுராவில் ஒரு சின்னக் கம்பெனி அவளுக்கு இப்போதே வேலை தருகிறதாம். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். “நீங்க வேணாம்னா வேணாம்னு சொல்லிடறேன் மேடம்” என்று என் முகத்தையே பார்க்கிறாள்.

அவளுக்கு என்ன சொல்லட்டும்?

உன் வேதா

*

வைட்ஃபீல்ட்
11 பிப்ரவரி 2025

வேதாக் கண்ணு,

பையன் தருணுக்குப் பரீட்சை, வீட்டில் அவனைவிட எனக்குத்தான் காய்ச்சல். எழுதாததற்கு மன்னிச்சுக்கோ.

லாவண்யாவை இருக்கச் சொல். ஏப்ரலில் மேலிடத்துக்குக் கருவியைக் காட்ட வேண்டும். அவள் போய்விட்டால் வேலை நின்றுவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். எங்கள் டைரக்டர் க்ளென்னுக்கும் இதன்மேல் உயிர். சின்னக் கம்பெனியை நம்பி என்ன? நம்ம இடம் அவளுக்கு நல்ல இடம். ஜூலை வரட்டும், பார்த்துக்கலாம்.

கழுத்து வலிக்குத் தைலம் அனுப்பினேன். தடவுகிறாயா, இல்லை அலமாரிக்கா?

ஜோவிதா

*

பெங்களூரு
27 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜோவி,

லாவண்யா சந்தாபுராவை விட்டுவிட்டாள் என்று அப்போதே சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள்தான் கருவியை ஓட்டிக் காட்டினாள். நீயும் பார்த்தாய். “ஒரு டீம் ஒரு வாரம் பார்க்கிற வேலைம்மா இது!” என்று க்ளென் சொன்னதும் ஹாலே கைதட்டியது. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ மட்டும் தட்டாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாய். உடம்பு சரியில்லையா?

திரும்பும்போது பஸ்ஸில் சீனு என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் இந்த பேட்ச்தான். “மேடம், ஜூலைல நாங்க செய்யப்போற வேலையும் இதானே?” என்றான்.

“இது போனா வேற வேலை வரும்ப்பா,” என்றேன். எப்படி அவ்வளவு சட்டென்று வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவன் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வரி எழுது.

உன் வேதா

*

பெங்களூரு
2 ஜூன் 2025

ஜோவி,

உங்கள் கம்பெனிக் கடிதம் இன்று வந்தது. ஆராய்ச்சி ஒப்பந்தம் இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பு. பயிற்சி நிறுத்தம். இந்த பேட்ச்சுக்கு வேலை இல்லை. துறைத் தலைவர் முதல் வரியை மட்டும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டி ஸ்வீட் கொடுத்தார்.

பிப்ரவரியில் உனக்குத் தெரியுமா?

வேதா

*

வைட்ஃபீல்ட்
5 ஜூன் 2025

வேதா,

தெரியும். முடிவாகவில்லை, ஆனால் பேச்சு ஓடியது. வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உன்னிடம் சொன்னால் நீ பிள்ளைகளிடம் சொல்வாய், டீம் கலையும், டெமோ நடக்காது, லேபையே மூடிவிடுவார்கள். இப்படி எனக்கு நானே சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பதிலை எழுதினேன். “பார்த்துக்கலாம்” என்று டைப் செய்தபோது கை நின்றது. பிறகும் அனுப்பினேன்.

க்ளென்னிடம் சண்டை போட்டு ஒரே ஒரு இடம் வாங்கியிருக்கிறேன். கருவியைப் பார்த்துக்கொள்ள என் டீமில் ஒருத்தி வேண்டும். லாவண்யா வரட்டும். மற்றவர்களிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முட்டி போட்டேன், ஜெபம் வரவில்லை. உன் வீட்டுக்கு வரட்டுமா? உட்கார வைத்துத் திட்டு. இப்படி ஒரு வரியில் எழுதாதே.

ஜோவி

*

பெங்களூரு
22 ஜூன் 2025

அன்புள்ள ஜோவி,

சொல்லாதே என்றாய். பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன், லாவண்யாவுக்கு இடம் இருப்பதையும் சேர்த்து. யாரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மறுநாள் அவள் வந்தாள். “நான் அந்த வேலைக்குப் போறேன் மேடம். வீட்டு நிலைமைக்கு வேணாம்னு சொல்ல முடியாது. ஆனா இவங்க யாரும் என்கூட பேசமாட்டேங்கறாங்க. நாங்க நல்லா செஞ்சதுதான் தப்பா?”

“இல்லம்மா. நீங்க நல்லாத்தான் செஞ்சீங்க. தப்பு எங்களோடது,” என்றேன்.

“அவங்களோடது” என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்ல முடியவில்லை. உனக்குப் பேச்சு காதில் விழுந்துதான் தெரியும். எனக்கு அதுகூடத் தேவையில்லை, ஆள் செய்வதை இந்தக் கருவி செய்யும் என்று திட்ட அறிக்கையில் எழுதியவளே நான்தான். அந்த ஆள் யார் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இந்த ஆராய்ச்சி நிற்கக் கூடாது என்று எனக்கும் ஆசை இருக்கிறது. கேட்கவே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

சந்தாபுராக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். லாவண்யாவுக்கென்று வைத்த இடம் போய்விட்டது. கெஞ்சியதில் சீனுவையும் இன்னொரு பெண்ணையும் எடுத்துக்கொண்டார்கள். மற்ற ஒன்பது பேருக்காகச் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்குகிறேன். சிலர் என்னோடு வருகிறார்கள், சிலர் போன் எடுப்பதில்லை.

திங்கட்கிழமை முதல் லாவண்யா உன் பக்கத்தில் உட்காருவாள். அடுத்து யார் வேலைக்கு ஆபத்து என்று ஒருநாள் உன்னிடம் கேட்பாள். தெரிந்ததைச் சொல்லிவிடு.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம், ஜோவி. உன்மேல் கோபம் இல்லை. நீ வந்தால் நான் உன்னைத் தேற்றுவேன், நீ என்னைத் தேற்றுவாய், காபி குடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் மனசு லேசாகிவிடும். அந்த ஒன்பது பேருக்கும் வழி பிறக்கும்வரை அது நடக்க வேண்டாம்.

வேதா