மாலைக்குள் மறைந்த முகம்

அண்ணே,

யாருமே நம்பாத ஒரு கதையை, நம் புக்கிட் பெலண்டோக் வானத்தின் மீது ஆணையாக, எழுதப் போகிறேன். நீங்களும் நம்ப வேண்டாம். இதைச் சொல்ல இந்த ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேறு ஆளில்லை.

இன்று ஞாயிறு. பழக்கதோஷத்தில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தேன். உங்கள் கேலிச்சித்திரம் வந்த இடத்தில் ஒரு டயர் கடை விளம்பரம். அடுக்கிய டயர்களுக்கு மேல் கடைக்காரர் தலை மட்டும் எட்டிப் பார்க்கிறது. அப்படியே உங்கள் சித்திரத்து 'மாலைத் தலைவர்'. சிரித்துவிட்டேன். சிரித்தபின், காட்ட ஆள் தேடினேன்.

வாரா வாரம் அவருக்கு ஒரு மாலை கூடுதலாகப் போட்டீர்கள். கழுத்து மறைந்தது, வாய் மறைந்தது, மீசை நுனி மட்டும் மிஞ்சியது. அந்த மாலைகளுக்காகத் தம்பின் டவுன் முதல் நீலாய் வரை ஒரு செடியிலும் மொட்டு தங்கவில்லை. தேனீக்கள் எல்லை தாண்டி மலாக்காவுக்குக் குடிபெயர்ந்தன. படத்தில் அவர் எதிரே கூட்டம் கைதட்டும். ஓரத்தில் ஒருவன் மட்டும் கைகட்டி நிற்பான். "அது நீதாண்டா" என்பீர்கள்.

நம் கோயில் தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் மீசை உண்டே.

"இது நான்தான். மன்னிப்புக் கேட்டுப் படம் போடு. இல்லாட்டி உன் வீட்டுக்கு ஒருத்தனும் கல்யாணத்துக்கு அழைக்க வரமாட்டான்."

நீங்கள் கேட்கவில்லை. தாம்பூலத் தட்டுகள் உங்கள் வாசலைத் தாண்டிப் போயின. "நல்லதுலா, வேட்டி துவைக்கிற வேலை மிச்சம்" என்றீர்கள். ஆனால் கல்யாண மேளம் கேட்ட காலைகளில், துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். பார்த்திருக்கிறேன்.

கடைசியில், தாங்காமல், படத்தில் இருந்த மீசையை மழித்துவிட்டு உங்கள் மூக்குக்கண்ணாடியை அங்கே வரைந்தீர்கள். மறுநாள் விடியுமுன் கோயில் தலைவர் உங்கள் வாசலில்.

"யோவ், இந்த வாரம் நான் எங்கய்யா?"

"நீங்கதானே கோவிச்சுக்கிட்டீங்க?"

"மன்னிப்புதான்யா கேக்கச் சொன்னேன். என் எடத்தில நீ எப்படி உக்காரலாம்?"

அடுத்த ஞாயிறு மீசை திரும்பியது. பின்னாலேயே தாம்பூலத் தட்டுகளும் வந்தன. நடக்கும் கல்யாணங்கள் போதாமல், தாத்தாக்களுக்கு எப்போதோ நடந்து முடிந்த கல்யாணங்களுக்கும் உங்களை அழைத்தார்கள்.

போன மாதம் கோயில் மண்டபத்தில் உங்கள் நினைவுக் கூட்டம். கோயில் தலைவர் போட்ட மாலையில், உங்கள் புகைப்படத்தில் கண்ணாடிகூடத் தெரியவில்லை. "என் மேல உள்ள பாசத்திலதான் என்னை வரைஞ்சாரு" என்றார். மண்டபமே கைதட்டியது. அந்த ஓசையில் ரப்பர் மரங்கள் வெட்டாமலே பால் வடித்தன.

தேனீயும் ரப்பர் மரமும் வழக்கம்போல என் புளுகு, அண்ணே. அத்தனை பேர் தட்டும்போது ஓரத்தில் நான் கைகட்டி நின்றேன் என்பது மட்டும் உண்மை. அந்த நேரத்தில் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பீர்களே என்று உங்கள் பக்கம் திரும்பினேன்.

பூதான் தெரிந்தது.