டீசல் என்று நான் சொன்னது பற்றி

அனுப்புநர்:
பெ. சின்னப்பிள்ளை (வயது 71),
க/பெ. காலஞ்சென்ற பெரியசாமி,
மேலத்தெரு, பூலாம்பாடி,
பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
பெரம்பலூர்.

பொருள்: என் பெயரில் உள்ள ஜீப்பில் டீசல் இன்ஜின் மாற்றியதாக எழுதப்பட்ட சோதனை அறிக்கையைத் திருத்தி, வண்டியை விடுவிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தர எழுதவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இருக்காது.

1. இந்த ஜீப் என் வீட்டுக்காரர் வாங்கியது. பச்சைமலை அடிவாரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் வெங்காய வயலுக்கு மழை நாளில் போய் வருகிற ஒரே வண்டி. போன வருடம் இன்ஜின் அடியோடு பழுதாகிவிட்டது. என் மகள் வயிற்றுப் பேத்தி பிரவீணா ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, உள்ளூரிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். அவள் கையால் முதன்முதலில் இன்ஜின் மாற்றியது இந்த வண்டிக்குத்தான்.

2. டீசல் இன்ஜின் போடச் சொன்னது நான். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. டிராக்டருக்கும் ஆயில் இன்ஜினுக்கும் வீட்டில் எப்போதும் டீசல் கேன் இருக்கிறது. டீசல் வண்டி மெதுவாகப் போனாலும் இழுவை குறையாது. அதில் தீப்பொறி பிளக் கிடையாது என்பதால் ஓடைத் தண்ணீரில் நனைந்து நின்றுபோகாது. பிரவீணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீங்க சொல்றது அத்தனையும் சரிதான் அம்மாயி. ஆனா இந்த வண்டிக்கு இல்ல" என்றாள். கிடைக்கிற டீசல் இன்ஜின் கனம் அதிகம், முன்பக்கம் கரிசல் சேற்றில் புதையும், பழைய கியர்பாக்ஸ் தாங்காது, ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்று இருக்கையில் டீசலுக்கு அனுமதியும் கிடைக்காது என்று விளக்கினாள். பிளக் ஒயரில் தண்ணீர் படாமல் மூடி, காற்று இழுக்கும் குழாயை உயரத்தில் வைத்துத் தருகிறேன் என்றாள். சொன்னபடி தங்கள் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அதே ரகப் பெட்ரோல் இன்ஜினை மாட்டினாள்.

3. அதன் பிறகும் நான் முனகிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் வண்டியின் முன் பம்பரில் இரண்டு வெங்காய மூட்டைகளை வைத்துக் கட்டினாள். "நீங்க கேட்ட டீசலோட கூடுதல் கனம் இதான் அம்மாயி. வந்து பாருங்க" என்று ஈர வயலில் இறக்கினாள். முன் சக்கரம் அச்சு வரை புதைந்தது. மூட்டைகளை அவிழ்த்ததும், குட்டையிலிருந்து எருமை எழுந்து வருவதுபோல வண்டி கரையேறியது. நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஈரம் ஜாஸ்தி" என்று சொல்லி வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

4. விக்கிரமங்கலத்தில் இருக்கும் என் நாத்தனார் பொன்னம்மாள் வீட்டுக் காதுகுத்தில், என் பேச்சைக் கேட்டுப் பேத்தி டீசல் போடப்போகிறாள் என்று பந்தியில் உட்கார்ந்து சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லை மாற்ற எனக்கு வாய் வரவில்லை.

5. கடந்த 10-ஆம் தேதி பொன்னம்மாளை பஸ் ஏற்றிவிட பெரம்பலூர் வந்தோம். ஆயில் இன்ஜினுக்கு வாங்கிய இரண்டு கேன் டீசல் பின்னால் இருந்தது. நல்ல மழை. பிரவீணா எதிர்க்கடைக்குப் போயிருந்தாள். "என்னண்ணி, டீசல்னு சொன்னீங்க, தையல் மெஷினாட்டம் வந்துச்சு. சத்தத்தையே காணோம்" என்று பொன்னம்மாள் கேட்ட அதே நேரத்தில், சோதனை அலுவலர் வந்து, "பெட்ரோலா டீசலாம்மா" என்றார். "டீசல்தாங்க சார், என் பேத்தி மாட்டுனது" என்று நானே சொன்னேன். புத்தகத்தில் பெட்ரோல் என்று இருந்தது. அவர் கேன்களைப் பார்த்தார், எழுதிவிட்டார். பிரவீணா ஓடி வந்து பானட்டைத் திறந்தாள். கொட்டுகிற மழையில் அவர் இன்ஜின் நம்பரை மட்டும்தான் பார்த்தார். புது இன்ஜின் நம்பரைப் புத்தகத்தில் ஏற்றத் தாங்கள் கொடுத்த தேதி வரும் 20 தான். அனுமதிக் கடிதமும் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. "வண்டிக்காரம்மாவே டீசல்ங்கிறாங்க, நம்பரும் ஒத்து வரல. ஆபீசுல விளக்கம் குடுங்க" என்று சொல்லி, வண்டியைத் தங்கள் அலுவலகத்தில் நிறுத்திவிட்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

6. ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் இன்ஜின் மாற்றத் தந்த அனுமதி ரத்தாகும் என்று நோட்டீஸ் வந்துள்ளது. ரத்தானால், பிரவீணா கை வைத்த முதல் இன்ஜினே கள்ள வேலை என்று பேராகிவிடும். பிறகு யார் அவளை நம்பி வண்டி விடுவார்கள்? அவள் ஒரு விளக்கம் எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டாள். "அம்மாயிக்கு வயதாகிவிட்டது, விவரம் தெரியாமல் சொல்லிவிட்டார்" என்று எழுதியிருந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாள். நான் கையெழுத்துப் போடவில்லை. எனக்கு விவரம் நன்றாகத் தெரியும் ஐயா. நாத்தனார் முன்னால் பேத்தியிடம் தோற்றதைச் சொல்ல மனமில்லாமல், தெரிந்தே பொய் சொன்னேன். இதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலாம்.

7. ஆகவே, தாங்கள் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். நாலு பிளக் இருக்கும். நம்பரை அனுமதிக் கடிதத்தோடு வைத்துப் பார்த்து, 20-ஆம் தேதியே புத்தகத்தில் ஏற்றி, வண்டியை விடுவித்துத் தர வேண்டும். பொய் சொன்னதற்குத் தண்டனை ஏதும் உண்டென்றால் வண்டிக்கு உடையவளான என் பெயரில் எழுதவும். என் பேத்தியின் வேலையில் ஒரு கோடு விழக்கூடாது. இந்த வண்டிக்குப் பெட்ரோல்தான் சரி. அவள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு என்று இதன் மூலம் எழுதிக் கொடுக்கிறேன்.

இணைப்பு: அனுமதிக் கடித நகல், நோட்டீஸ் நகல்.

இடம்: பூலாம்பாடி
நாள்: 14.11.2025

தங்கள் நல்ல முடிவுக்குக் காத்திருக்கும்,
பெ. சின்னப்பிள்ளை

சாட்சி: அண்ணி இந்த மனுவை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார். அன்றைக்கு வண்டியில் என் முன்னால் டீசல் என்று சொன்னது உண்மை. அது டீசல் இல்லை என்பதும் உண்மை. எங்கள் வீட்டு ஜீப்பையும் பிரவீணாவிடம்தான் விடப்போகிறோம்.
பொன்னம்மாள், விக்கிரமங்கலம்.