சாரலில் ஒட்டிய பக்கம்

1958 ஜூலை, வியாழன் இரவு

புத்தகத்தை மூடும்போதுதான் ஒரு தாள் மட்டும் தடிப்பாக இருந்ததைக் கவனித்தேன். சாரல் ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக் கிடந்தன.

ஜெபமாலை முடிந்ததும் அன்றன்று திருநாள் வரும் அர்ச்சியசிஷ்டவர் சரித்திரத்தை அம்மாவுக்கு நான்தான் வாசிப்பேன். இன்று ஒரு கன்னியாஸ்திரியின் கதையில் தொடங்கி, தெரியாமல் நாளைக்கு உரிய விதவையின் கதையில் முடித்திருக்கிறேன். அந்த விதவை, சண்டை போட்ட தங்கை வீட்டுக்குத் தானே போய்க் கதவைத் தட்டுகிறாள்.

கேட்டதும் அம்மா கண்ணைத் துடைத்தாள். மேலகரம் சித்தியோடு அவள் பேசி வருஷக்கணக்காகிறது. “அந்தப் புண்ணியவதியே போயிருக்கா, எனக்கு என்னட்டி? காலைல சித்தியப் பாத்துட்டு வாரேன்” என்றாள்.

“கோயில் சாமியாரு சொல்லியே கேக்காதவ, மக வாசிச்சுக் கேட்டுட்டாளாக்கும்!” என்று அப்பா சிரித்தார்.

தப்பாக வாசித்தேன் என்று சொன்னால் போகாமல் இருந்துவிடுவாளோ? சர்வேசுரன் சரியான பக்கத்தில்தான் பேசுவாரா, ஒட்டின பக்கத்திலும் பேசுவாரா? இதை யாரிடம் கேட்பது? சாமியாரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஏட்டி, அந்தப் புண்ணியவதி பேரு என்ன? வேண்டிக்கிட்டுப் போகணும்.”

இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.