தியரி லொரேன், ப்ரொசீஜர் நான்

10 பிப்ரவரி 2025
இன்று லேபில் சோனோமீட்டர், பெட்டிமேல் கம்பி இழுத்துக் கட்டிய கருவி. இரண்டு பேர் செய்ய வேண்டியது. ஒருத்தி இசைக்கவையைத் தட்டிப் பெட்டிமேல் ஊன்ற வேண்டும், இன்னொருத்தி கம்பிக்கு அடியில் இருக்கும் கட்டையை நகர்த்த வேண்டும். நீளம் சரியாக அமைந்தால் கம்பிமேல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். என் ஜோடி லொரேன் குடும்பத்தோடு பிரான்சுக்குக் குடிபோய் ஒரு மாதம். வகுப்பில் இப்போது இருபத்து மூன்று பேர், ஜோடி இல்லாதவள் நான். தட்டுவதும் நகர்த்துவதும் நானே. பதினோராவது தடவை காகிதம் விழுந்தது. பக்கத்தில் திரும்பினேன் – சொல்ல ஆள் இல்லை.

11 பிப்ரவரி
ரெக்கார்டில் ப்ரொசீஜர் எழுதிவிட்டேன். முதல் செமஸ்டரிலிருந்தே எங்கள் ஏற்பாடு இது: தியரி லொரேன், ப்ரொசீஜர் நான், பிறகு ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி காப்பி. தியரி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இரண்டு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். ‘தியரி மட்டும் எழுதி அனுப்புடி’ என்று வாட்ஸாப்பில் கேட்டேன். இந்தச் சோதனைக்கு 21ஆம் தேதிக்குள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்காவிட்டால் பிராக்டிகல் தேர்வு எழுத முடியாது.

13 பிப்ரவரி
பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

16 பிப்ரவரி
பனியில் சிரித்துக்கொண்டு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறாள். அதுக்கு மட்டும் கை வருதாக்கும்! அம்மாவிடம் காட்டினேன். “புது ஊருல அது என்ன பாடு படுதோ. நீ வேற ஏன்டி?” என்கிறார். என் பாட்டை யார் கேட்கிறார்கள்? வரிச்சிக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் தனியாக, சாப்பாடும் தனியாக.

18 பிப்ரவரி
புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தேன். விஷ்ணுப்ரியா மேடம் இரண்டு பக்கத்தையும் சிவப்பில் அடித்துவிட்டார். “புஸ்தகம் எங்கிட்டயும் இருக்கு கீர்த்திகா. ஒனக்குப் புரிஞ்சத எழுதிக்கிட்டு வா.”
எனக்கு என்ன புரிஞ்சுது? மூணு செமஸ்டரா அவ எழுதுனத வரி விடாம காப்பி அடிச்சேனே, ஒரு வரியாவது படிச்சேனா? ச்சே.

19 பிப்ரவரி
மதியம் லேபுக்குப் போய்க் கம்பியைச் சும்மா சுண்டிக்கொண்டிருந்தேன். நீளத்தைக் குறைத்தால் கீச்சென்கிறது, கூட்டினால் அடங்குகிறது. கவையும் கம்பியும் ஒரே வேகத்தில் அதிரும் நீளம் வந்தால் மட்டும் காகிதம் குதிக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தப்பினாலும் கம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று யோசித்து யோசித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். இங்கிலீஷ் தப்பாக இருக்கலாம். விஷயம் தப்பில்லை.

20 பிப்ரவரி
கையெழுத்து வாங்கிவிட்டேன். “இது ஒன் எழுத்து. இதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் யாரோடது?” என்று கேட்டார் மேடம்.

23 பிப்ரவரி
லொரேன் அனுப்பிவிட்டாள். மூன்று பக்கம், அழகான கையெழுத்தில். கூடவே குரல் பதிவு: “சாரிடி. இங்க யாரோடயும் பேச வரல, ஒரே அழுகை. ஒனக்குன்னு உக்காந்து எழுதுனப்பதான் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. லேட்டாயிடுச்சா?”
‘தேவையில்ல, நானே எழுதிட்டேன்’ என்று அடித்தேன். உண்மைதானே. ஆனால் தியரி, ப்ரொசீஜர் தவிர நாங்கள் வேறென்ன பேசியிருக்கிறோம்? இதை அனுப்பிவிட்டால் அப்புறம் எதைச் சொல்லி அவளைக் கூப்பிடுவேன்?
அழித்துவிட்டு, ‘கரெக்ட் டைமுக்கு வந்துச்சுடி’ என்று அனுப்பினேன்.

27 பிப்ரவரி
அடுத்தது முறுக்கு ஊசல். தியரியை நேற்றே எழுதி முடித்துவிட்டேன். லொரேனையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.