வெளியே இருந்த கேட்

ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் இன்று காலை தேங்காய் பன் சூடாக இறங்கிய நேரம் நான் அந்த வழியாகப் போனேன். வாசனை வந்ததும் கால் நின்றுவிட்டது, பாதர். சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு ஒரு பன்னை இரண்டாகப் பிட்டு, "பாதி நீங்க, பாதி நான். பாவமும் பாதிதாண்ணா" என்று சிரிப்பீர்களே, அந்த முகம் எதிரே வந்து நின்றது.

நாம் பழக ஆரம்பித்தது ஒரு கேட்டினால். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்தீர்கள். ஊரிகம் சுரங்க லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று யாரோ சொல்லி, வீடு தேடி வந்தீர்கள்.

"கோயில் கேட் கீல் உடைஞ்சிபோச்சு. கொஞ்சம் பத்தவச்சுக் குடுங்கண்ணா."

"நான் கோயிலுக்குள்ள வர்றதில்ல, பாதர்."

"கேட் வெளியதாண்ணா இருக்குது."

ஏன் வருவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஸ்டெல்லாவை அடக்கம் செய்த அன்று என் ஜெபமாலையை அவள் சவப்பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தவன் நான். இரண்டு வருடம் முழங்காலில் நின்று கேட்டும் என் மனைவியைக் காப்பாற்றாத ஆண்டவரிடம் இனி பேச ஒன்றுமில்லை என்று இருந்தேன். அதைப் பல மாதம் கழித்து, சாயந்திர நடை ஒன்றில் நானாகத்தான் சொன்னேன். நீங்கள் வேதம் சொல்லவில்லை. "அவங்க இன்னா சமைப்பாங்க?" என்று கேட்டீர்கள். ஸ்டெல்லா செய்யும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். அவள் போனபிறகு அவளைப் பற்றிச் சிரித்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை.

பிறகு உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்காகப் பெங்களூர் ரயிலில் உங்களோடு வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை, ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல் படுத்திருந்தவர் மெதுவாகச் சொன்னீர்கள்:

"இன்னிக்கு எனக்கு ஜெபம் வரலண்ணா. ஒரு வாரமா வரல. பரலோக மந்திரம் எனக்காக நீங்க சொல்லுங்க."

"நானா? இன்னா பாதர், விளையாடுறீங்களா?"

"பயமா இருக்குதுண்ணா."

சாமியார் ஒருவர் என்னிடம் அப்படிச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். எட்டு வருடமாக வாயில் வராத வார்த்தைகள் தானாக வந்தன. பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல என்று வருகிற இடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். யாரை மன்னிக்காமல் இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நர்ஸ் வந்து மெஷினைப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நானும் அங்கதாண்ணா நின்னுட்டு இருக்கேன்" என்றீர்கள். "வாங்க, சேர்ந்தே தாண்டுவோம்."

இரண்டு பேரும் சேர்ந்து சொல்லி முடித்தோம். அழுதது நான் மட்டுமல்ல.

மூன்று வாரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் பற்றவைத்த அந்தக் கேட்டைத் தாண்டி உங்கள் அடக்கப் பூசைக்கு உள்ளே வந்தேன். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆண்டவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் இப்போது கோபத்தை அவரிடமே சொல்கிறேன். முன்பு பேச்சே இல்லை.

இந்த மாதத்திலிருந்து, டயாலிசிஸுக்குப் போகும் பேத்தமங்களா ஆட்டோக்காரர் ஒருவருக்குத் துணையாக அதே ரயிலில் போய்வருகிறேன். காலையில் கிளம்பும் முன் ஸ்டெல்லாவுக்காக, அவருக்காக, உங்களுக்காக ஜெபிக்கிறேன். உங்கள் முறை வரும்போது 'பாதர்' என்று ஆரம்பித்து, வாய் எப்படியோ 'என் தம்பி' என்று முடித்துவிடுகிறது. யாரைச் சொல்கிறேன் என்று ஆண்டவருக்குத் தெரியும். நம்புகிறேன்.