மாமா குடித்த உப்புத் தண்ணீர்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியவே மழை. குசினிப் பைப் மூன்று நாளாக ஒழுகுகிறது. வருகிற ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொன்ன மாமா நேற்றுப் பின்னேரம் போய்விட்டார். வயது எண்பத்தாறு. மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், எழும்பவில்லை.

செய்ய வேண்டியவை: மாமாவின் உடல் இருக்கும் மலர்ச்சாலைக்கு அவருடைய கோட். ஒழுங்கைக்கு வெள்ளைக் கொடி. கதிரை நாற்பது. பிளேன்டீக்குச் சீனி. ஃபாதரிடம் நேரம் கேட்க (வியாழன் மூன்று மணி).

மனைவி ரீற்றா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பாவைப் பற்றி சேர்ச்சில நீங்கதான் கதைக்கோணும். தம்பிக்கு டிக்கெட் கிடைக்கேல்ல."

நானா! சாதாரண தரப் பரீட்சையில் தமிழை இரண்டு தரம் எழுதியவன். ஒரு கலியாணத்தில் நன்றி சொல்லப் போய் மாப்பிள்ளையின் பெயரை மறந்தவன். மாப்பிள்ளை என் சொந்தத் தம்பி.

ரீற்றாவின் தம்பி, என் மச்சான், கனடாவிலிருந்து ஃபோன் எடுத்தான். "அத்தான், நேவி கதை வேண்டாம். இங்க எங்கட ஆக்கள் லைவ்ல பாப்பினம், பிறகு எனக்குத்தான் கரைச்சல். நல்ல பைப் பாஸ் எண்டு மட்டும் சொல்லுங்க."

ஓம் என்றுவிட்டேன். மாமா பன்னிரண்டு வருடம் இலங்கைக் கடற்படைக் கப்பலில் குழாய் வேலை. தமிழரோடு சண்டை தொடங்க முன்னமே விலகியவர். பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை நாற்பது வருடம் பைப் பாஸ், வீடு வீடாகக் குழாய் பூட்டும் வேலை. பன்னிரண்டை வெட்டினால் என்ன குறையும்?

15, புதன்

வெயில். புழுக்கம். எழுதியது ஒரு பக்கம், வெட்டியது முக்கால்.

மாமாவிடம் ஒரு பழக்கம். எந்த வீட்டில் பைப் பூட்டினாலும் முதல் தண்ணீர் அவருக்கு. "தங்கச்சி, ஒரு கிளாஸ் தாங்க" என்று வாங்கி, நிரப்பி, மிச்சம் வைக்காமல் குடிப்பார். சாமான் பெட்டி மேல் பத்து நிமிடம் இருப்பார். பிறகு, "வயிறு ஒண்டும் சொல்லேல்ல. இனி நீங்க குடிக்கலாம்." வெள்ளவத்தையில் லிஃப்ட் பழுதான நாலாம் மாடியிலும் இதேதான். நான் முதலில் விளம்பரம் என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டேன். "கப்பல்ல நான் விட்ட பிழை, மகன். கடல் தண்ணி குடிதண்ணித் தாங்கிக்குள்ள போயிட்டுது" என்றார்.

இதை எழுதி, கப்பலை மட்டும் வெட்டி, ரீற்றாவுக்கு வாசித்தேன்.

"அப்பா தாகத்துக்குக் குடிச்ச மாதிரியெல்லோ இருக்கு!"

பின்னேரம் மலர்ச்சாலை. ஊன்றுகோலோடு ஒரு சிங்களக் கிழவர். பெயர் பியதாச, மாமாவோடு அதே கப்பலில் இருந்தவர். பெட்டிக்கு முன்னால் கோலை என்னிடம் தந்துவிட்டு, நிமிர்ந்து சல்யூட் அடித்தார். நான் கோலைப் பிடித்துக்கொண்டு குடைக் கடைக்காரன் மாதிரி நின்றேன்.

பிளேன்டீ கொடுத்து, மாமாவின் முதல் கிளாஸ் பழக்கத்தைச் சொன்னேன். அவருடைய தமிழில், மெதுவாக: "மகன், கடல் தண்ணி போன அந்தப் பைப் ஜொயின்ட் போட்டது நான். ஒஃபிசர் கேட்டது, யார் செஞ்சது? எனக்கு அப்ப கலியாணம் கட்டி ஒரு மாசம். வேலை போனா முடிஞ்சுது. உங்க மாமா முன்னுக்குப் போய், நான்தான் சேர் எண்டு சொன்னது. ஒரு மக் உப்புத் தண்ணி குடிக்கச் சொல்லி ஓடர். முழுக்கக் குடிச்சது."

எங்களிடமும் கடைசிவரை தன் பிழை என்றே சொல்லியிருக்கிறார் மனிசன். நான் என்றால் அன்றைக்கே கொழும்பு முழுக்கப் பறை அடித்திருப்பேன்.

மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். எடுக்கவில்லை. வொய்ஸ் அனுப்பினேன்: "மச்சான், கப்பல் கதை சொல்லப்போறன். கோவிக்காத." கேட்டுவிட்டான் என்று நீலக் குறி விழுந்தது.

16, வியாழன்

மழை இல்லை. சேர்ச் நிறைய ஆட்கள், பாதிப் பேர் மாமா பைப் பூட்டிய வீட்டுக்காரர். கடதாசி சட்டைப் பையில் வியர்வையில் ஒட்டிப்போயிற்று. வாயில் வந்ததைச் சொன்னேன். கப்பல், ஜொயின்ட், மக், எல்லாம். பெயர் ஒன்றும் மறக்கவில்லை. முன் வாங்கில் பியதாச தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு லைவ் கமராவைப் பார்க்கப் பயம்.

சேமக்காலையில் மண் போடும்போது கால் வழுக்கியது. ரீற்றா பிடித்தாள்.

17, வெள்ளி

விடிய அஞ்சரைக்கு மச்சான். ஏசப்போகிறான் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"அத்தான், அந்தப் பியதாச அங்கிள்ட நம்பர் இருக்கா?"

அனுப்பினேன். பைப் இன்னும் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.