பேனாப் பையில் இருந்த தாள் என்னுடையது

அனுப்புநர்:
ஹஃபீசா பீவி (வயது 43),
க/பெ. பாட்சா,
அஸ்தினாபுரம், குரோம்பேட்டை,
சென்னை – 64.

பெறுநர்:
கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அவர்கள்,
சென்னை மண்டலம், சென்னை.

பொருள்: படப்பை சாலையில் உள்ள தனியார் கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பி.காம். படித்த என் மகள் ரூக்சாரைத் தேர்வு முறைகேடு செய்ததாகக் கூறி நீக்கியது – அவளிடம் இருந்த தாள் நான் எழுதி வைத்தது என்பதைத் தெரிவித்து மறுவிசாரணை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஆணை, நாள் 1.12.2006.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதற்கு மேல் அறிந்ததெல்லாம் என் மகளின் பாடப்புத்தகங்களைப் பார்த்தும், குர்ஆனின் தமிழ் விளக்கத்தைத் தினம் ஒரு பக்கம் வாசித்தும் தெரிந்துகொண்டதுதான். இந்த மனுவையும் அவளுடைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள கடிதப் பாடத்தைப் பார்த்தே எழுதுகிறேன். முறை தவறியிருந்தால் அது என் அறியாமை. எழுதியிருக்கும் விஷயத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

2. என் கணவர் குரோம்பேட்டையில் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ரூக்சார் எங்கள் ஒரே மகள். எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். இரண்டரை வருடம் ஒரு நாள்கூட நேரம் தவறியதில்லை. அவள் கிளம்பும் நேரத்தையும் வீடு திரும்பும் நேரத்தையும் நான் வீட்டு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பால் வராத நாள், சிலிண்டர் மாற்றிய நாள், கரண்ட் போன நேரம் என எல்லாவற்றையும் குறித்து வைப்பது என் வழக்கம். சந்தேகத்தால் குறிக்கவில்லை. பஸ் தாமதமானால் மனம் பதறாமல் இருக்க ஒரு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான்.

3. ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாளை நான் எறிவதில்லை. என் மகள் பாடம் எழுதிப் பார்த்து ஒதுக்கும் தாள்களை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, சமையலறை ஆணியில் குத்தி வைப்பேன். காலியான பக்கத்தில் என் குறிப்புகளை எழுதுவேன். எழுதிய பக்கத்தில் ஆங்கிலமும் கணக்கும் இருக்கும். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதனால் அந்தப் பக்கத்தை நான் பார்ப்பதே கிடையாது. நடந்த அத்தனைக்கும் இந்த வழக்கமே காரணம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

4. கடந்த நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, அவளுக்குச் செலவுக் கணக்கியல் தேர்வு. அந்த ஒரு பாடத்தில்தான் அவளுக்குப் பயம். இரண்டு நாள் முன்னதாக நான் தொழுகைக்குப் போல் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு, ஆணியிலிருந்து ஒரு பாதித் தாளை எடுத்து, “ரப்பி ஸித்னீ இல்மா” என்று தமிழ் எழுத்தில் எழுதினேன். ‘என் இறைவனே, எனக்குக் கல்வி ஞானத்தை அதிகப்படுத்து’ என்பது அதன் பொருள். படிக்கிற பிள்ளைகளுக்காக எங்கள் வீடுகளில் ஓதும் துஆ அது. தேர்வு அன்று காலை அதைச் சிறியதாக மடித்து, அவளுடைய துணிப் பேனாப் பையின் உள் தையலுக்குள் செருகினேன். அவளிடம் சொல்லவில்லை.

5. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. போன பருவத் தேர்வின்போதே அவள் என்னிடம், “அம்மா, துஆவ வாயால ஓதி ஊதி விடு, போதும். பேப்பர் மட்டும் வேணாம், கேஸ் ஆயிடும்” என்று தெளிவாகச் சொல்லியிருந்தாள். அல்லாஹ்வின் வசனம் என்ன கேஸ் ஆகிவிடும் என்று நினைத்தேன். மகள் சொன்னதை மீறி, மகளுக்கே தெரியாமல் வைத்தேன். கல்லூரி விதியை மீறியவள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான்.

6. அன்று பகல் பதினொன்றரை மணி அளவில் அவள் பையிலிருந்து ஸ்கேலை இழுத்தபோது, மடித்த தாளும் கூடவே வந்து தரையில் விழுந்து விரிந்தது. நான் எழுதிய பக்கம் மேலே இருந்தது. அவள் செருப்புக்கு அருகிலேயே கிடந்தது. ஐயா, இறைவசனம் எழுதிய தாள் தரையில் விழுந்தால் உடனே குனிந்து எடுத்து, உதட்டில் வைத்து முத்தமிட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு மூன்று வயதிலிருந்து பழக்கியவள் நான். எழுதப் படிக்கத் தெரிவதற்கு முன்பே அவளுக்கு அது தெரியும். அந்தத் தேர்வறையிலும் அவள் அதைத்தான் செய்தாள். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். யோசித்துச் செய்கிற காரியமாக நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

7. கண்காணிப்புப் பணியில் இருந்த பேராசிரியை மெட்டில்டா அவர்கள் மூன்று வரிசை தள்ளி நின்றிருந்தார். தாளோடு கை வாய்க்குப் போவதைப் பார்த்தார். ஓடி வந்து கையைப் பிடித்து, தாளை வாங்கினார். மறுபக்கத்தில் என் மகளின் கையெழுத்தில் பாடத்தின் சூத்திரம் இருந்தது. “தடயத்தை விழுங்கி அழிக்க முயன்றார்” என்று அறிக்கை எழுதப்பட்டது.

8. நவம்பர் 22 அன்று விசாரணை. பெற்றோர் வர வேண்டும் என்றதால் என் கணவர் கடையை மூடிவிட்டுப் போனார். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தாளை அவருக்குக் காட்டவில்லை. உள்ளே நடந்ததை என் மகள் ஆணை வந்த பிறகுதான் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “வாயில ஏன் வெச்ச?” என்று கேட்டிருக்கிறார்கள். “முத்தம் குடுத்தேன் சார்” என்றிருக்கிறாள். குழுவில் ஒருவர் சிரித்து, “பேப்பருக்கு முத்தமா? காஸ்ட் அக்கவுண்டிங் மேல அவ்ளோ லவ்வாம்மா உனக்கு?” என்று கேட்க, மற்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள், தாள் தன்னுடையது என்று எழுதி நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். என் கணவரும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் அவர் மகளிடம் பேசவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தாலும், “அவளுக்கு மொதல்ல போடு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். நானும் அவளிடம், “இதுக்கா உன்ன படிக்க அனுப்பினோம்?” என்று கேட்டேன். ஐயா, அந்தக் கேள்வியை நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

9. டிசம்பர் 1 அன்று ஆணை வந்தது. அவளைக் கல்லூரியிலிருந்து நீக்கியும், ஐந்தாம் பருவத் தேர்வுகள் முழுவதையும் ரத்து செய்தும் எழுதியிருந்தார்கள். கூடவே மாற்றுச் சான்றிதழும், தாளின் இரு பக்க நகலும் இருந்தன. நகலைப் பிரித்ததும் என் சொந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். அந்த நிமிடம் வரை, இந்தப் பழி முழுவதும் என் கையால் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அழுது கேட்டேன். “சொன்னா உன்ன அந்த ரூம்ல நிக்க வெச்சி இங்கிலீஷ்ல கேப்பாங்கம்மா. என்ன பாத்து சிரிச்ச மாதிரி உன்ன பாத்து சிரிப்பாங்க. எனக்கு அது வேணாம்” என்றாள். பதினெட்டு நாள் அவள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

10. எங்கள் அடுத்த வீட்டு சாவித்ரி அக்கா பள்ளி ஆசிரியை. மகளைச் சேர்க்கும்போது நாங்கள் வாசிக்காமலே கையெழுத்துப் போட்ட கல்லூரியின் விதிப் புத்தகத்தை, அவர் எனக்குத் தமிழில் சொன்னார். பாடம் தொடர்பான தாள் ஒருவரிடம் இருந்து, அதைப் பார்த்து எழுதவில்லை என்றால், அந்த ஒரு தேர்வு மட்டும் ரத்தாகும். தாளை அழிக்கவோ விழுங்கவோ முயன்றால்தான் கல்லூரியிலிருந்து நீக்கம். ஆக, என் மகளை வெளியே தள்ளியது அந்தச் சூத்திரம்கூட இல்லை. அவள் கொடுத்த முத்தம்.

11. அந்தச் சூத்திரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கடைக்குச் சரக்கை ஒரே தடவையில் எவ்வளவு வாங்குவது சிக்கனம் என்று கண்டுபிடிக்கும் கணக்காம் அது. நான் தாளை நீளவாக்கில் கிழித்ததால் அது நடுவில் அறுந்துவிட்டது. கல்லூரியிடம் உள்ள பாதியில் வர்க்கமூலக் குறியின் தொடக்கம் மட்டும் இருக்கிறது. அதற்குள் இருக்க வேண்டிய எழுத்துகள் இல்லை. அவை என் வீட்டு ஆணியில் இருந்த மறுபாதியில் இருக்கின்றன. அதன் பின்பக்கத்தில் நவம்பர் மாதம் பால் பாக்கெட் வராத நாட்களை நான் குறித்திருக்கிறேன். இரண்டு பாதிகளின் கிழிந்த ஓரமும் பொருந்தும். காப்பி அடிக்க நினைக்கும் பெண் பாதிச் சூத்திரத்தைக் கொண்டு போவாளா, மறுபாதியைப் பால் கணக்கு எழுத அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவாளா என்று தாங்களே பார்க்கும்படி வேண்டுகிறேன்.

12. டிசம்பர் 4 அன்று மறுபாதியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். முதல்வரைப் பார்க்க முடியவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர், “கமிட்டி முடிச்சிட்டாங்கம்மா. பேப்பர் இருந்துச்சா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க” என்றார். இருந்தது என்றேன். “அப்போ வூட்டுக்குப் போங்க” என்றார். உண்மையைச் சொன்னதால் என் பேச்சு அங்கே முடிந்துபோனது.

13. பேராசிரியை மெட்டில்டா அவர்களைத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். அவர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதும் கேட்டார். பிறகு, “கண்ணுல ஒத்திக்கிட்டதையும் பாத்தேம்மா. முழுங்கப் பயந்துகிட்டு கண்ணத் தொடைக்கிறான்னு நெனச்சிட்டேன். எங்க வீட்லயும் பைபிள் கீழ விழுந்தா எடுத்து முத்தந்தான் குடுப்போம். அந்த நேரத்துல எனக்கு அது தோணவே இல்ல” என்றார். தானாக அறிக்கையை மாற்ற அதிகாரம் இல்லை என்றும், மேலிடத்திலிருந்து கேட்டால் இதை எழுத்தில் தருவதாகவும் சொன்னார். யாராவது கேட்க வேண்டும் என்பதற்காகவே தங்களுக்கு எழுதுகிறேன்.

14. தேர்வில் கண்டிப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைத்துப் படித்த பிள்ளைகளுக்காகத்தான் அந்த விதி. என் மகளும் உழைத்துப் படித்தவள்தான். ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

(அ) இரண்டு பாதித் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவும், பேராசிரியையின் வாக்குமூலத்தை எழுத்தில் பெறவும் ஆணையிட வேண்டுகிறேன்.

(ஆ) “விழுங்க முயன்றார்” என்ற வரியை நீக்க வேண்டுகிறேன்.

(இ) விதிப்படி அந்த ஒரு தேர்வை ரத்து செய்துகொள்ளட்டும். மற்ற தேர்வுகளைத் திருப்பித் தந்து, அவளை மறுபடி வகுப்பில் உட்கார விட வேண்டுகிறேன். ஆறாம் பருவ வகுப்புகள் டிசம்பரிலேயே தொடங்கிவிட்டன.

(ஈ) மாற்றுச் சான்றிதழில் ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘திருப்திகரமாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த நடத்தையை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவள் நான். என்னை அழைத்து எந்த மொழியில் வேண்டுமானாலும் விசாரிக்கட்டும். யார் சிரித்தாலும் நான் நின்று பதில் சொல்வேன்.

15. கடைசியாக ஒன்று. இது மனுவில் எழுதக் கூடியதா என்று தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில், பள்ளிவாசல் நாட்காட்டியின் ஒரு தாள் காற்றில் பறந்து தரையில் விழுந்தது. அதில் ஒரு வசனம் இருந்தது. என் மகள் அதன் அருகில்தான் நின்றிருந்தாள். அவள் குனியப் போனாள், போனவள் நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான்தான் எடுத்தேன். படிப்பு போனால் இன்னொரு வருடம், இன்னொரு கல்லூரி என்று யாரோ ஆறுதல் சொல்கிறார்கள். அந்தக் கைகளை முன்னால் கொண்டு வர எனக்கு வழி தெரியவில்லை. அது தங்கள் கையெழுத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன்.

16. தங்கள் முடிவு எதுவானாலும், கோப்பை மூடும் நாளில் அந்தப் பாதித் தாளைக் குப்பைக் கூடையில் போட விடாமல், என் முகவரிக்கு அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ஆணையின் நகல், மாற்றுச் சான்றிதழின் நகல், கல்லூரி அனுப்பிய தாளின் இரு பக்க நகல், என்னிடம் இருந்த மறுபாதி (அசல்).

இடம்: அஸ்தினாபுரம்
நாள்: 18.12.2006

தங்கள் நீதியை எதிர்நோக்கும்,
ரூக்சாரின் தாய்,
(ஒப்பம்)
ஹஃபீசா பீவி